பதினொரு படலைகள்

கடற்படை முகாமை அகலிப்பதற்காகக் கரையோரக் காணிகள் பதினொன்றை அளக்க, செவ்வாய்க்கிழமை காலையில் நில அளவையாளர் வருவதாக இருந்தது. ஜசிந்தாவின் நாலு பரப்புக் காணியும் அதில் ஒன்று. அவளுடைய கணவர் அன்ரனிதாஸ் வலை காயப் போடுவதும் படகை ஏற்றி வைப்பதும் அங்கேதான். அந்தக் காணி போனால் தொழிலும் போய்விடும்.

திங்கள் பின்னேரம் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் நீதிமன்றத் தடை உத்தரவோடு வந்தார்.

"அல்போன்சம்மா ஆர்?"

"அவ சேமக்காலையில, சேர். மாசியில செத்துப்போனா," என்றாள் ஜசிந்தா. "போன வருச லிஸ்றைத் தூக்கிக்கொண்டு வந்திட்டியள் போல."

சார்ஜன்ட் அந்தப் பெயரைப் பேனையால் வெட்டினார். "உம்மட பேரும் கிடக்கு. பிடியும்."

அவர் போனதும் அன்ரனிதாஸ், "உத்தரவாவது மண்ணாவது. வழமைபோலச் சந்தியில படுப்பம்," என்றார்.

"படுத்தா உங்களைத் தூக்கி ஜீப்பில போடுவினம். அவையள் ஆறுதலா அளந்துபோட்டுப் போவினம். இஞ்ச பாருங்கோ."

இப்படியான உத்தரவு எல்லாவற்றையும் தடுப்பதில்லை. யார், எங்கே, எதை, எத்தனை நாளைக்குச் செய்யக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். எழுதாததை அது கட்டுப்படுத்தாது. இந்த உத்தரவில் வீதியில் கூடுவதும் வாகனம் மறிப்பதும் பதினான்கு நாட்களுக்குத் தடை. சொந்த வளவில் நிற்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அளவையாளரும் உரிமையாளர் எழுத்தில் மறுத்தால் அந்தக் கடிதத்தை மேலிடத்துக்குக் கொண்டுபோவதுதான் அங்கே வழக்கம். அதை வைத்துக்கொண்டு அளக்கமாட்டார்.

இருட்டுவதற்குள் ஜசிந்தா பத்து வீடும் ஏறி இறங்கினாள்.

காலையில் கேடயங்களோடு இரண்டு பஸ் பொலிஸார் வந்து இறங்கினார்கள். சந்தியில் இரண்டு மாடுகள் நின்றன. ஒழுங்கைக்குள் திரும்பினால், வேலிப் படலைக்கு ஒருவராக, உள்பக்கத்தில் ஆட்கள் மறுப்புக் கடிதத்தோடு நின்றார்கள்.

"கூட்டம் கூடக்கூடாதெண்டு சொன்னது விளங்கேல்லையோ?" என்றார் சார்ஜன்ட்.

"நான் தனியத்தானே நிக்கிறன், சேர்," என்றாள் ஜசிந்தா. "பக்கத்து வளவில நிக்கிறவரை நான் என்ன செய்யிறது?"

சார்ஜன்ட் உத்தரவை எடுத்து மறுபடி வாசித்தார். பிறகு வழிவிட்டு விலகி நின்றார்.

அளவையாளர் ஜசிந்தாவின் கடிதத்தை வாங்கினார். அடுத்த படலையிலும் வாங்கினார். ஆறாவது கடிதத்தோடு, கருவிகளைத் திரும்ப வான் வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"மிச்சம் அஞ்சையும் வாங்கிக்கொண்டு போங்கோ, ஐயா," என்று ஜசிந்தா படலைக்கு உள்ளே நின்றபடியே கூப்பிட்டாள். "பிறகு அவையள் தரேல்லை எண்டு அந்தக் காணியளை அளக்க வருவியள்."

அவர் வெயிலில் மிச்ச ஐந்து படலைக்கும் நடந்தார்.