வழக்கமான எண்

சுவீடனில், ஹால்ம்ஸ்டாட் நகரின் அந்த அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் எதை விட்டுக்கொடுத்தாலும், பொதுச் சலவை அறையில் தாங்கள் குறித்துவைத்த நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். திங்கட்கிழமை காலை அங்கிருந்த பலகையைப் பார்த்த சிக்ஸ்டென் அசந்துபோனார். மூன்று பேர் தங்கள் பெயரை அடித்துவிட்டு, மூன்றாம் மாடி இல்வாவின் பெயரை எழுதியிருந்தார்கள்.

சிக்ஸ்டென் குடியிருப்புச் சங்கச் செயலாளர். ஒழுங்கு என்றால் தான்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இல்வா சிகிச்சைக்காக ஓராண்டு வெளியூர் போவதும், அதுவரை வீட்டை வாடகைக்கு விட அனுமதி கேட்டிருப்பதும் சங்கக் குழுவுக்கு மட்டும் தெரிய வேண்டியவை. மருத்துவர் கடிதத்தோடு வந்த அந்த விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமை குழுவுக்கு மின்னஞ்சல் செய்தபோது, கைதவறி எல்லா வீடுகளுக்கும் அனுப்பிவிட்டார். ஆனாலும் அவர் பதறவில்லை. கோப்புக்குத்தான் கடவுச்சொல் போட்டிருந்தாரே!

பிறகு, பலகையில் பெயரை மாற்றும் அளவுக்குச் செய்தி எப்படி வெளியே போனது? குடைச்சல் தாங்காமல் கீழ்வீட்டு மைக்கெனின் கதவைத் தட்டினார். எழுபது வயது மைக்கென் பாட்டி எதையும் மறைக்கவில்லை. காபி ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“பாஸ்வேர்டு வழக்கமான நம்பர்தான்னு நீதானேப்பா எழுதியிருந்த? நம்ம எல்லாருக்கும் வழக்கமா தெரிஞ்சது, கீழ வாசக்கதவத் தொறக்க அழுத்துற நம்பர். அதப் போட்டேன், தொறந்துக்கிச்சு. பாவம் அந்தப் பொண்ணு.”

அந்த எண் தபால்காரருக்குத் தெரியும். பீட்சா கொண்டுவருகிறவருக்கும் தெரியும். சிக்ஸ்டென் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நேரே மூன்றாம் மாடிக்கு ஏறினார். மன்னிப்புக் கேட்பதற்குள் வார்த்தை குழறியது.

இல்வாவின் கண்கள் சிவந்திருந்தன.

“சலவை நேரத்த விட்டுக்கொடுத்தது நல்ல மனசுதான், சிக்ஸ்டென். ஆனா எம் பொண்ணுக்கு நானே பக்கத்துல உக்காந்து சொல்லணும்னு இருந்தேன். நேத்து வந்தவகிட்ட, அம்மாவுக்கு எப்ப ஆபரேஷன்னு படிக்கட்டுலயே யாரோ கேட்டுட்டாங்க.”

 கோப்பைப் பூட்டியதாகத்தான் நினைத்தேன் என்று சிக்ஸ்டென் முணுமுணுத்தார்.

“ஊருக்கே தெரிஞ்ச நம்பர்ல பூட்டுறதும் பூட்டாம விடுறதும் ஒண்ணுதான். யாரு தொறக்கணுமோ அவங்களுக்கு மட்டும் பாஸ்வேர்டச் சொல்லுங்க. அதையும் அதே மெயில்ல எழுதாம, தனியா சொல்லுங்க.”

வியாழக்கிழமை குழுவின் அனுமதிக் கடிதம் புதிய கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு இல்வாவுக்கு மின்னஞ்சலில் போனது. அந்தக் கடவுச்சொல்லைச் சொல்வதற்கு சிக்ஸ்டென் மூன்று மாடி ஏறி வந்தார். கதவைத் திறந்தது மகள்.

“உங்கம்மாவக் கூப்பிடும்மா,” என்றார். “இது அவங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டியது.”