இழுப்புக்காரர்கள்

மலாயாவில் கூலிம் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அன்று காலை ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இழுப்பு வந்துவிட்டது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் ஜப்பான்காரர்கள் நெஞ்சு நோய்க்காரனை மட்டும் விட்டுவிடுகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். விடிந்ததும் விடியாததுமாக மேட்டுக்காட்டைச் சுற்றி ஓடிவிட்டு, நேராகத் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வந்து புஸ்புஸ்ஸென்று இரைத்துக்கொண்டு நின்றார்கள். பால் வெட்டக்கூட ஒருவரும் இந்த வேகத்தில் போனதில்லை. வேலியோரம் பெண்களோடு நின்ற குணவதிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. முதல் லோரியில் போன அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆள் பொறுக்க வந்திருந்த ஜப்பானிய டாக்டர் ஏமாளி இல்லை. யாரையும் தொட்டுப் பார்க்கவில்லை. எல்லோரையும் ரப்பர் மர நிழலில் உட்கார வைத்துவிட்டு, தானும் நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். ஓடி வந்த மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும்? கால்கள் ஓய்ந்து, இரத்தத்தில் சேர்ந்திருந்த கரியமில வாயு குறைந்ததும் அது தன்பாட்டுக்கு இறங்கியது. இன்னும் கொஞ்சம் இரைத்தால்தான் உயிர் தப்பும் என்று அதற்கு யார் எடுத்துச் சொல்வது? மூச்சு அடங்கியவனையெல்லாம் டாக்டர் விரலைக் காட்டி லோரிக்கு அனுப்பினார். பிறவியிலேயே இழுப்புக்காரனான முனியாண்டிக்கு மட்டும் அடங்கவில்லை. அவனை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மிச்சமிருந்தது குணவதியின் புருஷன் பிச்சை. அவன் விடாப்பிடியாக மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் வல்லிபுரம், யாழ்ப்பாணத்துக்காரர், குனிந்து தணிந்த குரலில் சொன்னார்.

"காணும் பிச்சை, நிப்பாட்டு. இப்பிடியே மூச்சு விட்டால் மயங்கி விழுவாய்."

"விடட்டும்யா. நீங்க தடுக்காதீங்க," என்றாள் குணவதி வேலிக்கு வெளியிலிருந்து.

அவள் சொல்லி வாய் மூடவில்லை. பிச்சையின் விரல்கள் உள்ளுக்கு மடங்கி விறைத்தன. உதடு வெளுத்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். குணவதி முள்கம்பியில் சேலை கிழிய உள்ளே ஓடி அவன் தலையை மடியில் எடுத்தாள். நெஞ்சு அசையவில்லை.

"ஐயா, மூச்சு இல்லியே."

"வரும் பிள்ளை. கெட்ட காத்தெல்லாம் வெளியால போயிட்டுது. அது திரும்பச் சேருமட்டும் உடம்பு மூச்சுக் கேளாது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. லோரியில் ஏற்றிச் சயாமுக்கே கொண்டுபோனாலும் சரி, இவருக்கு மூச்சு வந்தால் போதும் என்று மாரியம்மனிடம் கெஞ்சினாள். தடுக்காதீங்க என்று சொன்ன தன் வாயை வெறுத்தாள்.

நெஞ்சு மெல்ல ஒருமுறை எழுந்தது. பிறகு இன்னொரு முறை. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. இரவில் பக்கத்தில் படுத்திருக்கும்போது கேட்கும் அதே மூச்சு. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை பொங்கியது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். டாக்டர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். குணவதி அவசரமாக முந்தானையை இழுத்துப் பிச்சையின் நெஞ்சை மூடினாள். துணி நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கியது.