தாய்க் கப்பல் காத்திருக்கும்

ஓரின் ஹாகன் அரிசோனாவுக்குக் குடிபோகிறான் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மகள் கூப்பிட்டாளாம். அவன் முழங்காலுக்கு எங்கள் டுலூத் ஊர்ப் பனி ஒத்துக்கொள்ளவில்லையாம். அப்படியானால் என் சனிக்கிழமைகள் என்ன ஆவது?

கல்லூரி நாளிலிருந்தே சனிக்கிழமை மத்தியானம் என்றால் ஓரின் வீட்டுக் கீழ்த்தளம்தான். டேபிள் டென்னிஸ் மேசையில் கறுப்புத் துணியை விரித்துவிட்டால் அது விண்வெளி; அதில் பொம்மைக் கப்பல்களை நகர்த்திப் போர் ஆடுவோம். எங்கள் கல்லூரித் தோழன் டெல்மர்தான் நடுவர். டேப் பிடித்துத் தூரம் அளப்பான், பகடையில் தில்லுமுல்லு நடக்காமல் பார்த்துக்கொள்வான், உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு நான் சுட்டுக்கொண்டுபோகும் ஹாட்டிஷில் பாதியை அவனே காலி செய்வான். என்ன சத்தம், என்ன சண்டை! அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகிப்போகிறது.

என் படையில் எல்லாம் பெரிய பீரங்கிக் கப்பல்கள். ஓரினிடம் ஒரே ஒரு தாய்க் கப்பல், அதன் வயிற்றிலிருந்து கிளம்பும் குட்டிப் போர்க்கலங்கள். மீன் தூண்டிலின் ஈயக் குண்டுகளில் முள்ளை வெட்டிவிட்டு, தகர டப்பாவில் இறக்கை நறுக்கி ஒட்டி, மூக்கில் சிவப்புப் பூசி அவன் கையாலேயே செய்தவை.

"கொசுப்படை வந்துடுச்சு. டெல்மர், வலையக் கட்டுடா!" என்பேன்.

"கொசு ஆளக் கொல்லாது மார்லிஸ், தூங்க விடாது. எனக்கு அது போதும்," என்பான் ஓரின்.

குட்டிகளால் பெரிய கப்பலை மூழ்கடிக்க முடியாது என்று அவனுக்கும் தெரியும். அவை முன்னால் பறந்து வேவு பார்க்கும், பின்பக்கமாக வந்து கடித்து என் பீரங்கிகளைத் தங்கள் பக்கம் திரும்ப வைக்கும், அதற்குள் தாய்க் கப்பல் வேண்டிய இடத்துக்குப் போய்விடும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குட்டிகளுக்கு எரிபொருள் கொஞ்சம். அவற்றைத் திரும்ப ஏற்றிக்கொள்ள தாய்க் கப்பல் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். நிற்கிற கப்பலை அடிக்க என்ன கஷ்டம்? நான் பாதிக்கு மேல் ஜெயித்தது அப்படித்தான். ஓரின் ஒரு குட்டியைக்கூட விட்டுவிட்டுப் போக மாட்டான்.

வாலிபத்தில் டெல்மரும் ஆடுவான்; ஒருமுறை தன் குட்டிகளை அம்போ என்று விட்டுவிட்டு, தாய்க் கப்பலை மட்டும் களத்தைவிட்டுத் தாவவைத்துத் தப்பி ஜெயித்தான். ஓரினுக்கு வந்ததே ஆத்திரம்! அன்றைக்கே ஒரு விதி போட்டான்: தாய்க் கப்பல் விட்டுப்போன குட்டிகள் களத்தில் நிற்பவருக்குச் சொந்தம். ஆட்டத்துக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே எடுத்துப்போகலாம். அதன்பிறகு யாரும் அப்படி ஓடியதில்லை.

இப்போது ஓரினின் மகள் மினியாபொலிஸில் ஒரு கடைக்காரரிடம் பேசிவிட்டாள். ஓரினின் கப்பல்கள் எல்லாவற்றையும் அவர் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுவார். எனக்கு ஒன்று வேண்டும். ஒரே ஒரு சிவப்பு மூக்கு. ஆனால் எங்கள் கூட்டத்தில் அடுத்தவர் வண்ணம் தீட்டியதைத் தொடவே அனுமதி கேட்க வேண்டும். அதைக் கொடு என்று கேட்பது அவர் பல்செட்டைக் கேட்பது மாதிரி. செத்தாலும் வாய் வராது. ஒரே வழிதான் இருந்தது: கடைசி ஆட்டத்தில் ஓரினை விரட்டி, குட்டிகளை விட்டுவிட்டு ஓட வைப்பது.

அந்தச் சனிக்கிழமை வெறி பிடித்தவள் போல ஆடினேன்.

"என்னம்மா தாயே, இன்னைக்கு இப்படிப் பாயுற?" என்றான் ஓரின்.

"வாய மூடிட்டுப் பகடையப் போடு."

என் பகடைதான் காலை வாரியது. எத்தனை முறை சுட்டும் ஒன்றும் படவில்லை. அவன் தாய்க் கப்பல் கீறல்கூட விழாமல் மேசை ஓரமாக நின்றுகொண்டு குட்டிகளுக்காகக் காத்திருந்தது. அவை என் கப்பல்களைச் சுற்றிக்கொண்டிருந்தன. அடுத்த முறை எல்லாம் திரும்பி ஏறிவிடும். அவ்வளவுதான், முடிந்தது.

"ஓரின், உன் முறை. நிக்கிறியா, தாவுறியா?" வழக்கமான கேள்வி. டெல்மர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தாவுறேன்."

டெல்மர் கையிலிருந்த டேப் சர்ரென்று சுருண்டது. "டேய், உனக்கு ஒரு அடிகூட விழலடா. எல்லாக் குட்டியும் வெளிய இருக்கு. ஒரே ஒரு முறை பொறுத்தா வந்து ஏறிடும்."

"தெரியும்."

"விட்டுட்டுப் போனா அது எல்லாம் மார்லிஸோடது. நீ போட்ட விதி."

"நான் போட்டதுதானே, எனக்குத் தெரியாதா?" ஓரின் தாய்க் கப்பலைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கேட்காமலே தெரிந்துகொண்டானே, கிழட்டுப் பயல்!

"ஒரு குட்டியக்கூட விட்டுட்டுப் போனதில்லையே நீ," என்றேன்.

"எதிரிகிட்ட விட்டதில்ல." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

டெல்மர் தொண்டையைக் கனைத்தான். "எல்லாம் சரி, இதுங்க எங்க இறங்கும்? இவ கப்பல் எதுலயும் தளம் கிடையாதே. கொசுவுக்கு எதுக்குத் தளம்னு சொல்லிச் சொல்லியே காலத்த ஓட்டிட்டா."

"கட்டுவா," என்றான் ஓரின்.

ஏரி உறைவதற்குள் கட்டி முடித்துவிட்டேன். அவனுடையதைவிடப் பெரிய தாய்க் கப்பல். சனிக்கிழமைகளில் டெல்மர் எதிரே உட்கார்ந்து சுடுகிறான், நான் குட்டிகள் திரும்பி வரும்வரை நின்று அடி வாங்குகிறேன். தோற்றுக்கொண்டேதான் இருக்கிறேன்.