நிழலுக்கு ஒரு நிழல்

சீனப் போட்டோக்காரர் கேமராவை முக்காலியில் பொருத்திவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்த நல்லசாமியைக் குளிப்பாட்டி, விபூதி பூசிப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். சொந்தபந்தம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் பெட்டியை மூடுவது அந்த ரப்பர் தோட்டத்து வழக்கம்.

“எடுக்கக் கூடாது” என்றார் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் காத்தமுத்து. “டிரஸ்ஸர் ஐயா உசுரோட இருந்தப்ப ஒருத்தரயும் எடுக்க விட்டதில்ல. இப்ப வாயில்லன்னு எடுத்துடறதா?”

“நான்தான் தம்பின் டவுன்லேருந்து இவரக் கூட்டிட்டு வந்தேன் மாமா. ஒரே ஒரு படம்லா” என்றான் சன்னாசி.

சன்னாசி பெற்ற பிள்ளையில்லை. பால்மரம் வெட்டப் போன இடத்தில் தாயும் தகப்பனும் ஒரே வருசத்தில் காய்ச்சலில் போய்விட, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நல்லசாமி கைபிடித்துக் கூட்டிவந்த பையன். இப்போது செனாவாங் பேக்டரியில் வேலை.

பஞ்சாலை புருசனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் படுக்கையில் விழுந்த மூன்று வாரமாகத் தூக்கமில்லை. அழுதும் தீர்த்தாயிற்று. எல்லாரும் போய்விட்டால் கொஞ்சம் கட்டையைச் சாய்க்கலாம் என்று இருந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கப்படக்கூடத் தெம்பில்லை.

படமே வேண்டாம் என்ற நல்லசாமியின் பிடிவாதம் ஒரு புத்தகத்தால் வந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகம். ஆயிரத்தெழுநூறு வருசத்துக்கு முன்னால் ரோமாபுரியில் பாடம் சொன்ன ஒரு ஞானியைப் பற்றியது. விடியற்காலையில் படித்துவிட்டு, அரிசி களையும் பஞ்சாலையிடம் வந்து சொல்வார். எல்லாம் ஒன்றிலிருந்து வந்ததாம், அந்த ஒன்றுக்கே திரும்ப வேண்டுமாம். முதலில் நாலு பேருக்கு நியாயமாக நடக்கணும், பிறகு ஆசையையும் கோபத்தையும் அறுக்கணும், அப்புறம் உள்ளே திரும்பிப் பார்க்கணும். அவளும் “ம்” என்பாள், உலையில் கண்ணாக.

சொன்னதோடு நிற்கவில்லை மனிதர். கறி மீனை விட்டார். கள்ளுக்கடைச் சண்டைக்காரர்கள் இரண்டு பேருக்கும் காயத்துக்குக் கட்டுப் போட்டு, ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பேசி அனுப்புவார். அவளை ஒருநாளும் அதட்டியதில்லை. கோபமே வராத மனுசனோடு குடும்பம் நடத்துவது லேசா? அவள் மட்டும் கத்திக் கத்தி ஊர் வாயில் பொல்லாதவளானாள்.

கல்யாணமான புதிதில் தம்பின் ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று கேட்டாள். “இந்த மூஞ்சியே ஒரு நிழலு பஞ்சாலை. நிழலுக்கு இன்னொரு நிழலா?” என்று சிரித்தார். ஆடையைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் உடம்பைப் பற்றிப் பேசுவார். அடையாள அட்டையான ஐ.சி.யில் இருந்த ஒரே முகத்தையும் காலையில் சாவைப் பதியப் போனபோது ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சன்னாசி அவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

“ம்மா, எங்கப்பா மூஞ்சி எனக்கு ஞாபகத்துல இல்ல. எவ்ளோ யோசிச்சாலும் வரமாட்டேங்குது. இவரு மூஞ்சியும் அப்படிப் போயிடுமா?”

காத்தமுத்து குரலைத் தணித்தார். “தங்கச்சி, நீதான் சொல்லணும். அவரு பேச்ச மீறுனா அவரு ஆத்மா சங்கடப்படாதா?”

பஞ்சாலை பெட்டிக்குள் பார்த்தாள். இருபத்தெட்டு வருசமாக அவர் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறாமலா போகும்?

“அண்ணே, இந்த ஒடம்பு நான் இல்லன்னு அவரு தெனமும் சொல்லுவாரு. நானும் தெனமும் கேட்டேன்.”

“ஆமா தாயி.”

“அப்ப இதுல படுத்துக் கெடக்கறது அவரு இல்ல. அவரு இல்லாதத எடுத்தா அவருக்கு என்ன சங்கடம்?”

காத்தமுத்து பெட்டியைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியவர் பெட்டியில் கிடந்தார்.

“அவரு போயிட்டாரு. இது எனக்கு விட்டுட்டுப் போனது” என்றாள்.

எல்லாரும் பெட்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். கடைசியில் காத்தமுத்துவும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போட்டோக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கையை அசைத்து, “டெக்காட் சிக்கிட், அண்ட்டி” என்றார். பெட்டிக்குக் கொஞ்சம் கிட்ட வரும்படி மலாயில் சொன்னார். புது ஜோடிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

பஞ்சாலை நகர்ந்து உட்கார்ந்தாள்.