விஜயராகவன் விளைவித்த சீத்தாப்பழம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் விஜயராகவன் வீட்டுக் கொல்லையில் ஒரு சீத்தா மரம் நின்றது. கோடை தொடங்கியதும் கிளையெல்லாம் பூக்கும். காய் பிடிக்காமலே எல்லாம் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைப் பெருக்குவது ஜோதிலட்சுமி. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். அதற்கு முன் நான்கு வருஷம் கேளம்பாக்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தாள். அங்கே சீத்தாப் பூக்களுக்குக் கையால்தான் மகரந்தம் வைப்பார்கள்.

"சார், இங்க வண்டே வர்றதில்ல. பிரஷ்ஷால தூள் எடுத்து வெச்சா காய் புடிக்கும். நான் செய்யட்டா?" என்று ஒருநாள் கேட்டாள்.

விஜயராகவன் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் மனைவியைக் கூப்பிட்டார். "ஏண்டி பங்கஜம், இவ பூவுக்கெல்லாம் கல்யாணம் பண்ணிவைக்கப் போறாளாம். ஜோதி, சிங்க்ல பாத்திரம் கெடக்கு. அதைப் பாரு."

மறுநாள் அவர் பூங்காவுக்கு நடைப்பயிற்சிக்குப் போனதும் பங்கஜம் ஒரு ஓவியப் பிரஷ்ஷைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அவர் வர்றதுக்குள்ள பண்ணிடு."

முந்தின நாள் மலர்ந்து நன்றாக விரிந்துவிட்ட பூவில்தான் தூள் இருக்கும். ஜோதிலட்சுமி அதை ஒரு மூடியில் உதிர்த்துக்கொண்டாள். அன்று காலை லேசாக இதழ் பிரிந்திருந்த பூக்களுக்குள் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றினாள். மூன்று வாரம், தினம் கால் மணி நேரம்.

கிளை தாழக் காய்த்தது. பங்கஜம் அப்போதுதான் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பழங்களைப் பையில் போட்டு எடுத்துப்போய்ப் பூங்கா நண்பர்களுக்குக் கொடுத்தார். யாரோ போனில் விசாரித்தபோது, "நானே கையால பண்ணினேன். கொஞ்சம் சயின்ஸ் தெரிஞ்சிருந்தா போதும்" என்றார். ஜோதிலட்சுமி அவர் காலடியில்தான் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரவில்லை. இவ்வளவு படித்த மனுஷனுக்கு இத்தனூண்டு பொய் எதற்கு என்று அருவருப்பாக இருந்தது. காலைத் தூக்கச் சொல்லிவிட்டுத் துடைத்தாள்.

அடுத்த கோடையில் பூங்கா நண்பர்கள் ஆறு பேர் செய்முறை பார்க்க வந்தார்கள். விஜயராகவன் ஸ்டூல்மேல் ஏறினார். ஜோதிலட்சுமி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அவர் பாதி விரிந்த பூ ஒன்றுக்குள் பிரஷ்ஷை விட்டு ஆட்டினார்.

அவர்களில் மந்தைவெளியிலிருந்து வந்திருந்த மதுமதி கேட்டாள். "சார், இது ஆண் பூவா, பெண் பூவா?"

"இந்த மரமே பெண் மரம்மா."

"அப்ப மகரந்தம் எங்கேர்ந்து வரும்?"

அவர் பிரஷ்ஷைப் பார்த்தார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. குனிந்து, "ஜோதி, போன வருஷம் நாம எப்படிப் பண்ணினோம்? சொல்லேன்" என்றார்.

"நாமளா? எனக்கு இன்னா சார் தெரியும்? நான் சிங்க்காண்ட இருந்தேன்."

ஒருவர் இருமினார். பங்கஜம் காப்பி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

வேலை முடிந்து ஜோதிலட்சுமி வெளியே வந்தபோது மதுமதி வாசல் கேட் அருகே காத்திருந்தாள். "நீங்கதானே செஞ்சது? எங்க வீட்லயும் ஒரு மரம் இருக்கு. வந்து காட்டுவீங்களா?"

"நாளைக்கே வரேன் கண்ணு. இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. பூவ உத்துப் பாத்தா போதும். அந்தாளு பாக்க மாட்டாரு."

விஜயராகவன் விடவில்லை. தினமும் பதினோரு மணி வெயிலில் பிரஷ்ஷும் தொப்பியுமாகக் கொல்லைக்குப் போனார். பூக்கள் உதிர்ந்தன. மண் சரியில்லை என்றார். பிரஷ் மட்டம் என்றார். ஜோதிலட்சுமி உதிர்ந்ததைப் பெருக்கி அள்ளினாள்.

"நீயே பண்ணிடேன், ஜோதி" என்று பங்கஜம் ரகசியமாகக் கெஞ்சினாள்.

"சார் வாயால கேக்கட்டும்மா. செய்றேன்."

அவர் கேட்கவில்லை. மந்தைவெளி மரம் காய்த்துத் தள்ளியது. இங்கே ஒரே ஒரு பழம்தான் தேறியது, ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் சூம்பிப்போய். விஜயராகவன் அதை ஜோதிலட்சுமி கையில் கொடுத்து, நல்ல பக்கத்தைக் காட்டிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். பூங்கா நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம்.

"விரல் தெரியறது. கொஞ்சம் மறைச்சுக்கோ" என்றார்.

அவள் பழத்தை அவர் நாற்காலியில் வைத்தாள். "நீங்களே புடிச்சிக்குங்க சார். எனக்கு மந்தவெளில வேல கீது."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.