தள்ளி நில்லும்மா

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் கிடைத்தது. தடிமன் காய்ச்சலுக்கு, அதாவது சளிக்காய்ச்சலுக்கு, தடுப்பூசி போட வரிசையில் நின்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் தாதி. எனக்குச் சுருக்கென்றது. ஊசி இன்னும் குத்தவேயில்லை.

(தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.)

2

தொடக்கம் ஒன்று: "பதுளை மலைகளை மூடுபனி போர்த்தியிரு"

வேண்டாம். பனியில் தொடங்கிய கதைகள் ஊரில் ஏராளம்.

தொடக்கம் இரண்டு: 1969. பதுளைப் பக்கம் ஓர் ஆசிரியர் கலாசாலை விடுதி. இது நிற்கும்.

ஜெயலெட்சுமி தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து படிக்க வந்தவள். அறைத்தோழி நபீலா, பதுளை டவுன் புடவைக்கடைக்காரர் மகள். நபீலாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சலும் இருமலும். கஞ்சி ஊட்டியது, நெற்றிக்கு ஈரத்துணி போட்டது எல்லாம் ஜெயலெட்சுமிதான். இன்று தீபாவளி லீவுக்கு அவளைக் கூட்டிப்போக அம்மா மாரியாயி வந்து கேட்டில் நிற்கிறாள்.

லயத்தில் வீடென்றால் ஒரே காம்பரா, ஓர் அறைதான். அக்கா கருப்பம்மா அங்கேதான் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். அவளுடைய முதல் பிள்ளை சளி கட்டி, பிறந்த மாதமே போய்விட்டது.

(எல்லாருக்கும் பெயர் வைத்தவன் இப்போது பிறந்த பச்சைப்பிள்ளைக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, பொறுங்கள்.)

3

இங்கே எனக்குக் கை அரித்தது. "அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. தடுப்பூசிப் பெட்டியுடன் தாதி ஒருத்தி இற"

அடித்துவிட்டேன். இந்த விடுதிக்கு ஊசி வரவில்லை. நான் நினைத்தால் ஒரே வரியில் வரவழைப்பேன், அது பெரிய வித்தையில்லை. ஆனால் ஜெயலெட்சுமியிடம் இருந்தது ஒரு கேட்டும் கொஞ்சம் சுகாதாரப் பாடமும்தான். உடம்பு சுடுவதற்கு முன்பே காய்ச்சல் அடுத்தவருக்கு ஒட்டும் என்று அந்தப் பாடத்தில் படித்திருந்தாள்.

4

"வாடி, பஸ் போயிரும்." மாரியாயி கம்பிக்குள்ளே கையை நீட்டினாள்.

"தள்ளி நில்லும்மா."

(இந்த வசனத்தை மாற்ற எவ்வளவோ பார்த்தேன். "கிட்ட வராதம்மா" இதைவிடக் கேவலம்.)

நீட்டிய கை அப்படியே நின்றது.

"தோட்டத்துத் தொர தள்ளி நில்லுன்னு சொன்னாரு, கணக்கப்புள்ள சொன்னாரு. இப்ப நீயும் சொல்லுறியா?"

"நபீலாவுக்குக் காய்ச்சல்மா. எனக்குள்ளயும் இருக்கலாம்."

"எங்க, நெத்தியக் காட்டு."

"வேணாம்மா."

"நல்லா கல்லு மாதிரிதானே நிக்கிற? லயத்து வாட இப்ப ஒனக்கு ஆவலன்னா நேரா சொல்லிரு தாயி. நான் பாட்டுக்குப் போயிர்றேன்."

ஜெயலெட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள உடம்பெல்லாம் துடித்தது. இன்னும் பின்னால் போனாள்.

"பச்சப்புள்ளைக்கு ஒட்டிக்கும்மா. அக்காவோட மொதப் புள்ள மாதிரி இதுவும்…"

(மீதியை அவள் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.)

5

முடிவு அ: மாரியாயி கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். எழுதிப் படித்தேன். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: ஜெயலெட்சுமி மனசு தாங்காமல் பஸ் ஏறி லயத்துக்கு

இதற்கு என் பேனா ஒத்துக்கொள்ளாது.

மாரியாயி மகள் அழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையை மெல்ல வெளியே எடுத்தாள். மடியிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தைக் கேட்டோரக் கல்லில் வைத்தாள். யாரும் சொல்லாமல் தானாகவே பின்னால் நடந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"இம்புட்டுத் தூரம் போதுமா?"

"போதும்மா."

"சம்பலும் இருக்கு. காய்ச்சலா கெடக்குற அந்தப் புள்ளைக்கும் குடு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ வர்ற வரைக்கும் அந்தக் குட்டிக்குப் பேரு வைக்க மாட்டோம். நீதான் வந்து வைக்கணும்."

காரணம் இதுதான். பெயர் என் கையில் இல்லை. கேட்டுச் சாவியும் இனி என்னிடம் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஊசி இருக்கிற காலத்து ஆட்கள் நீங்கள், உங்களுக்கு அவசரமாகத்தான் இருக்கும். ஆனாலும் விடுதியில் காய்ச்சல் முழுக்க இறங்கிய பிறகே அவளுக்குத் திறந்துவிடுங்கள். பிள்ளை காத்திருக்கும்.