இரண்டு பட்டியலிலும் இல்லாத பெயர்

டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஆரோக்கியம்மாளை அடக்கம் செய்த மறுநாள்தான் பவானி தன் கணினி நிரலைத் திறந்து பார்த்தாள். கடலூரிலும் சிதம்பரத்திலும் டயாலிசிஸ் நிலையம் நடத்தும் அறக்கட்டளை ஒன்றுக்கு அவள் எழுதிக் கொடுத்தது. நோயாளியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்ற வேண்டுமா, பழைய பட்டியலிலிருந்து பெயரை எடு, புதியதில் சேர். மேலே டிரான்சாக்‌ஷன் என்று ஒரு வரி. இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது என்பது அதன் பொருள்.

அந்த ஒரு வரியை நம்பித்தான் அவள் நிம்மதியாக இருந்தாள். போன வருடம் வேகம் வேண்டுமென்று, பட்டியல்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸை மாற்றினார்கள். புதியதற்கு டிரான்சாக்‌ஷன் என்றால் என்னவென்றே தெரியாது. நிரலுக்கும் அதற்கும் நடுவில் நிற்கிற ஃபிரேம்வொர்க்காவது, இந்த வரி இனி செல்லாது என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். அதுபாட்டுக்கு வரியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. கடலூரில் ஆரோக்கியம்மாளின் பெயர் போனது. சிதம்பரத்தில் ஏறுவதற்குள் இணைப்பு அறுந்தது. போன பெயர் திரும்பி வரவில்லை. முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் எடுத்திருந்தால் பெயர் இரண்டு இடத்திலும் இருந்திருக்கும், அவ்வளவுதான். ஓர் உயிர் போயிருக்காது.

"நெட்வொர்க் பிரச்சனன்னு அறக்கட்டளைக்கு எழுதி அனுப்பிடு," என்றார் அவள் மேலாளர் செம்பியன். "யாரு வந்து பாக்கப் போறாங்க?"

பவானிக்கு மனசு கேட்கவில்லை. ஆரோக்கியம்மாளின் மகள் பிரிசில்லா சிதம்பரத்தில்தான் இருந்தாள். மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக இருந்த அம்மாவைப் போன மாதம்தான் தன்னோடு அழைத்து வந்திருந்தாள். பவானி அவள் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தாள்.

"அப்ப வியாழக்கெழம எங்க அம்மா மொறதானா? அம்மா சொன்னது சரிதானா?"

"ஆமாங்க. அவுங்க சொன்னதுதான் சரி."

பிரிசில்லா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இங்க பேரு இல்லன்னாங்க. கடலூருக்குப் போன் போட்டாங்க, அங்கயும் இல்லன்னாங்க. திங்கக்கெழம வான்னு அனுப்பிட்டாங்க. இன்னைக்குத்தான்டி வரச் சொன்னாங்கன்னு அம்மா அழுதாங்க. ரெண்டு ஊரு கம்ப்யூட்டரும் பொய் சொல்லுதா, ஒனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு ஆட்டோவுல வச்சே திட்டுனேன். அதுக்கப்பறம் எங்கிட்ட பேசவே இல்ல. ஞாயித்துக்கெழம காலையில மூச்சு முட்டுனப்பகூட என்னக் கூப்புடல."

பவானி வாசலைவிட்டு நகரவில்லை.

பிரிசில்லா அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"இத ஏம்மா எங்கிட்ட வந்து சொன்ன?" என்றாள்.